வீட்டு முற்றங்களில் கொசு நிவாரணம்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

1. பாடத்தின் நோக்கம்

கொசுவை ஒழித்துத் தருகிறோம் என்று கூலி பேசி வரும் ஆட்களை இக்காலத்தில் நகரங்களில் மட்டுமன்றிப் பெரிய கிராமங்களிலும் காணலாம். அவர்கள் முதுகில் கருவியைச் சுமந்துவந்து, முற்றத்திலும் கொல்லையிலும் மருந்து தெளித்தோ புகையடித்தோ, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் பெற்றுச் செல்கின்றனர். அன்றிரவு கொசு குறைகிறது. சில நாள் சென்றதும் முன்போலவே கடிக்கிறது. பணம் கொடுத்தவர் மருந்தில் கலப்படம் என்று குறை கூறுகிறார். அண்டை வீட்டார், கொசுவை ஒழிக்க யாராலும் இயலாது என்று கைவிட்டு விடுகிறார். இவ்விரண்டு முடிவும் சரியல்ல. மருந்து நல்லதாகவே இருக்கலாம். கொசுவை ஒழிக்கவும் கூடும். எந்த வேலைக்குக் கூலி கொடுப்பது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுத்ததே பிசகு.

புகைக்குக் கொடுக்கும் பணம் ஒரு நாளில் மறைந்து விடும். வாரந்தோறும் ஒவ்வொரு முற்றத்திலும் புகுந்து தேங்கிய நீரைத் தேடி அகற்றும் வேலைக்குக் கொடுக்கும் பணமே பலன் தரும். அவ்வேலையையும் ஒரு வீட்டார் தனித்துச் செய்வித்தால் பயனில்லை, தெரு முழுவதும் கூடிச் செய்விக்க வேண்டும். இப்பாடம் விளக்க வந்த பொருள் இவ்வளவே. பலர் கூடி ஒரு காரியத்தை மலிவாகவும் செம்மையாகவும் முடித்துக்கொள்வதற்கே கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. ஆதலின் கொசு நிவாரணம் சங்கத்தாரின் ஆலோசனைக்கு முற்றும் உரிய விஷயமாகும்.

2. நம் பக்கத்து நிலைமை

இராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரமும், அதனைச் சூழ்ந்த செட்டியார்பட்டி, முகவூர் முதலிய ஊர்களும் நெசவுக்கும் ஆயத்த ஆடைத் தையலுக்கும் பெயர் பெற்றவை. இங்கே வீடே பல குடும்பங்களுக்குத் தொழிற்சாலை. பகல் முழுவதும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்டிர். எந்திரத்தின் அடியில் நிழல். பக்கத்தில் அடுக்கிய துணி. சுவரில் தொங்கும் ஆடை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. இருண்ட மூலையிலும் தொங்கும் துணியிலும் இளைப்பாறுவது. ஆகையால் தையற் கொட்டகையில் இருப்போர் பகலெல்லாம் அதன் கடிக்கு ஆளாகின்றனர். தைத்த உருப்படிக்குக் கூலி பெறும் குடும்பத்தில் ஒருவர் பத்து நாள் காய்ச்சலாய்ப் படுத்தால் அப்பத்து நாட்கூலியும் போய்விடுகிறது. அருகிலிருந்து பார்ப்பவர் கூலியும் உடன் போய்விடுகிறது. சங்கத்தில் வாங்கிய கடன் தவணை தவறுவதற்கு வியாதி ஒரு முக்கிய காரணம் என்பதைக் காரியதரிசிகள் நன்கறிவர்.

இது வெறும் அச்சமன்று. 2006-ம் வருஷத்தில் சிக்குன்குனியா தமிழ்நாட்டில் பரவி, பல்லாயிரம் பேரை மூட்டுவலியால் மாதக்கணக்கில் முடக்கிப் போட்டது. 2012-ம் வருஷத்தில் டெங்குக் காய்ச்சல், இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையிலுள்ள கடையநல்லூர் வட்டாரத்தில் கடுமையாகப் பரவிற்று. அவ்வருஷம் தமிழ்நாடு முழுவதிலும் 12,826 பேருக்கு அந்நோய் கண்டதாகவும், 66 பேர் இறந்ததாகவும் அரசாங்கக் கணக்கு கூறுகிறது. 2017-ம் வருஷத்தில் எண்ணிக்கை 23,294 ஆகவும், மரணம் 65 ஆகவும் இருந்தன.

3. மூவகைக் கொசுக்கள்

கொசுக்களில் ஜாதிகள் பல. முற்றத்தைப் பொறுத்தவரையில் மூன்றை அறிந்தாற் போதும்.

முதலாவது ஈடிஸ். உடலிலும் காலிலும் வெள்ளைப் பட்டைகள் உடையது. டெங்கு, சிக்குன்குனியா ஆகிய நோய்களைப் பரப்புவது. காலை விடிந்த பின்னும், மாலை பொழுது சாயுமுன்னும் மிகுதியாய்க் கடிக்கும். இது சாக்கடையை நாடுவதில்லை. நாம் குடிக்கவும் புழங்கவும் சேர்த்து வைக்கும் தெளிந்த நீரிலும், மழை நீர் தங்கிய ஓட்டிலும் சிரட்டையிலுமே முட்டையிடும்.

இரண்டாவது அனாபிலிஸ். மலேரியாவைப் பரப்புவது. ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் 1897-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி செகந்திராபாத்தில் இருந்தபோது, இவ்வகைக் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். இவ்வினத்தில் ஒரு ஜாதி கிணறுகளிலும், மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும்.

மூன்றாவது கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரம் செய்து உறக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுவே. சாக்கடை, கழிவுநீர்க் குட்டை, மலத்தொட்டி முதலிய அழுக்கு நீரில் பெருகும். யானைக்கால் வியாதியைப் பரப்புவதும் இவ்வகையே.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், சாக்கடையில் மட்டும் மருந்து தெளிப்பவன் டெங்குக் கொசுவைத் தொடுவதேயில்லை. சுத்தமான முற்றம், சுத்தமான பாத்திரம் என்று நாம் பெருமை கொள்ளும் இடத்திலேயே அது பெருகிக்கொண்டிருக்கலாம்.

4. வாரக் கணக்கின் காரணம்

கொசுவின் வாழ்வு நான்கு நிலைகளை உடையது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் கொசு என்பன அவை. முதல் மூன்று நிலையும் நீரிலே கழியும். நம் பக்கத்து வெப்பத்தில் முட்டை பொரிந்து கொசுவாய்ப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் செல்லும். ஆகவே ஏழு நாளைக்கொரு முறை தவறாமல் நீரைக் கொட்டிவிட்டால் அதிலுள்ள புழு பறக்கும் நிலையை எய்துவதில்லை. மாதம் ஒரு முறை செய்தால் இடையில் மூன்று தலைமுறை பறந்து விடும். கொசு ஒழிப்புக்கு வாரமே அளவு என்று வகுத்தது இக்காரணம் பற்றியே.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஈடிஸ் கொசு முட்டையை நீரின்மேல் மிதக்க விடுவதில்லை. நீர் மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. அம்முட்டை ஈரமின்றியும் பல மாதம் கெடாதிருக்கும். மறுபடி நீர் நிரம்பி அதனைத் தொட்டதும் பொரியும். ஆதலின் நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். கோடையில் காய்ந்து கிடந்த தொட்டியில் ஐப்பசி மழை பெய்த சில நாளுக்குள் புழு நெளிவதன் இரகசியம் இதுவே.

5. முற்றத்தில் தேடவேண்டிய இடங்கள்

கொசுப்புழுவைத் தேடுவோர் வாசலிலிருந்து தொடங்கி, வலப்புறமாகவே வீட்டைச் சுற்றி, மாடி ஏறி இறங்கி முடிப்பது நல்ல முறை. எவ்விடமும் விட்டுப் போகாது. பார்க்கவேண்டியவை வருமாறு.

வாசலில்: கோழிக்கும் நாய்க்கும் நீர் வைக்கும் சட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம்.

கொல்லையில்: சிமெண்டுத் தொட்டி, பீப்பாய், மாட்டுக்குக் கழனி வைக்கும் தொட்டி, வெளியே போட்ட ஆட்டுரல், அம்மிக்கருகே கிடக்கும் சட்டி, தேங்காய்ச் சிரட்டை, இளநீர்க் கூடு, பழைய டயர், உடைந்த பிளாஸ்டிக் குடம், மூலையிலுள்ள ஓட்டுத் துண்டுகள்.

வீட்டினுள்ளே: குளிர்பெட்டியின் பின்புறத்து நீர்த்தட்டு, எறும்பு ஏறாதிருக்க அலமாரிக் காலின் கீழ் வைத்த நீர்க் கிண்ணம், உபயோகமில்லாத கழிப்பறைப் பீங்கான், சுவாமி படத்தடியில் மாற்றாதிருக்கும் செம்பு நீர்.

மாடியில்: மூடி உடைந்த நீர்த்தொட்டி, மழைநீர் வழியாமல் தேங்கிய தளம், அடைபட்ட தூம்பு, மூடிப் போட்ட தார்ப்பாயின் மடிப்பு.

தொழிலிடத்தில்: பயனற்றுக் கிடக்கும் தறிக்குழியில் ஊறிய நீர், சாயம் தோய்க்கும் தொட்டி, கழித்துப் போட்ட எந்திரப் பாகங்கள்.

குழாய்த் தண்ணீர் நாள் தவறி வரும் ஊர்களில் ஜனங்கள் அண்டாவிலும் பீப்பாயிலும் நீரைச் சேர்த்து வைக்கின்றனர். அந்நீரைக் கொட்டு என்று சொல்வது நியாயமாகாது. ஒரு குடம் நீருக்குக் காத்து நின்றவரிடம் அவ்வாறு சொன்னால் அவர் வாயிற்கதவைச் சாத்திக் கொள்வார். அத்தகைய பாத்திரத்தை நெருக்கமான துணியால் வாய்கட்டி மூடச் செய்ய வேண்டும். நீர் தீர்ந்து மறுமுறை பிடிக்கும் நாளில் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் செய்ய வேண்டும். மலத்தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டினால் இரவுக் கொசு பெருமளவு குறையும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

6. புகையின் பயனும் குறையும்

புகையடிப்பது முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. ஒரு தெருவில் டெங்குக் காய்ச்சல் கண்டபோது, கிருமியை ஏற்றுக்கொண்டு பறக்கும் கொசுக்களை உடனே கொல்வதற்கு அது உதவும். அப்போதும் நோயாளியின் வீட்டினுள்ளும் சுற்று வீடுகளினுள்ளும் செலுத்தினால்தான் பயன் உண்டு; ஏனெனில் ஈடிஸ் வீட்டிற்குள் துணி மறைவில் தங்குவது. தெருவில் வண்டியிலிருந்து விடும் புகை சாத்திய கதவுக்கு அப்பால் சேர்வதில்லை.

மேலும் புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியிலுள்ள புழுவையும் கூட்டுப்புழுவையும் அது ஒன்றும் செய்யாது. இன்று மாலை புகையடித்தால், நாளைக் காலை கூட்டிலிருந்து வெளிவரும் கொசுவுக்கு அதனால் யாதொரு தீங்குமில்லை. ஒரே மருந்தை அடிக்கடி தெளித்தால் கொசு அதற்குப் பழகியும் விடுகிறது. இந்தியாவில் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-ல் தொடங்கி, டி.டி.டி. தெளித்ததன் பயனாய் 1965-ல் நோயாளிகள் தொகை சுமார் ஒரு லட்சமாய்க் குறைந்தது. மருந்துக்குக் கொசு பழகியதும், வேலையில் தளர்ச்சி நேர்ந்ததும் முதலிய காரணங்களால் 1976-ல் அத்தொகை அறுபத்து நான்கு லட்சத்துக்கும் மேலாக ஏறியது. மருந்தை மட்டும் நம்புவோர் இக்கணக்கை நினைவில் வைக்கவேண்டும்.

ஆகவே புகையை அவசர காலத்துக்கென்று ஒதுக்கி வைத்து, நித்திய வேலையாக நீர் தேடுதலைக் கொள்வதே முறை.

7. ஒரு வீடு விட்டால்

ஈடிஸ் கொசு வெகுதூரம் பறப்பதில்லை. தான் பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு, இருநூறு கஜத்துக்குள்ளேயே தன் காலத்தைக் கழிக்கும். இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நம் தெருவில் கடிப்பது நம் தெருவில் பிறந்ததே. ஆதலின் தெருவார் முயன்றால் ஒழிக்கலாம் என்பது நன்மை. இருபது வீட்டார் ஒழுங்காயிருந்து, பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் கொல்லைத் தொட்டியை விட்டுவிட்டால் அவ்விருபது வீட்டுக்கும் கொசு அங்கிருந்து வரும் என்பது தீமை. ஒரு பெண் கொசு ஒரு முறைக்குச் சுமார் நூறு முட்டை இடும். தனித்தனியே பணம் கொடுத்துத் தனித்தனியே முற்றத்தைக் காப்பது, பொதுச் சுவரில்லாத வயலில் தன் பங்கு வரப்பை மட்டும் அடைத்து வெள்ளத்தைத் தடுக்க முயல்வதை ஒக்கும்.

இதைக் கண்டறிந்து சங்க முறையில் செய்து காட்டியவர் வங்காளத்து டாக்டர் கோபால் சந்திர சாட்டர்ஜி. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையிலுள்ள பாணிஹாட்டி கிராமத்தில் அவர் மலேரியா எதிர்ப்புக் கூட்டுறவு இயக்கத்தைத் தொடங்கினார். 1919-ம் வருஷத்தில் மத்திய சங்கம் கூட்டுறவுச் சட்டப்படி பதிவாயிற்று. நம் நாட்டில் 1904-ம் வருஷத்துச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடங்கொடுத்தது. 1912-ம் வருஷத்துச் சட்டம் பிற காரியங்களுக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. அவ்வழியாலேயே கொசுவை எதிர்க்கும் சங்கமும் ஏற்படலாயிற்று. கிராம அங்கத்தினர் சிறு சந்தா செலுத்தினர். அப்பணத்தைக் கொண்டு ஆள் வைத்துக் குட்டைகளைத் தூர்த்தனர், வாய்க்காலைச் செப்பனிட்டனர், தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் தெளித்தனர், புதரை வெட்டினர். பிற்காலத்தில் இத்தகைய கிராமச் சங்கங்கள் வங்காளத்தில் நூற்றுக்கணக்கில் ஏற்பட்டன. கவி ரவீந்திரநாத தாகூரும் இவ்வியக்கத்தின் கூட்டங்களில் பேசி ஆதரவளித்தார். சர்க்கார் வந்து செய்யட்டும் என்று காத்திராமல் கிராமத்தார் தாமே பணம் சேர்த்து ஆள் அமர்த்தியதே இதன் சிறப்பு.

வேலையின் முறைக்குக் கியூபா நாட்டு ஹவானா நகரம் நல்ல உதாரணம். மஞ்சட் காய்ச்சலைப் பரப்புவது ஈடிஸ் கொசு என்று 1900-ல் நிரூபணமான பின், 1901-ல் வில்லியம் கோர்காஸ் என்னும் ராணுவ மருத்துவர் அந்நகரில் வீடு வீடாக ஆட்களை அனுப்பி, நீர்ப் பீப்பாய்களை மூடச் செய்தார். புழு காணப்பட்ட வீட்டாருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. பல தலைமுறையாக நகரை வாட்டிய நோய் சில மாதங்களில் அடங்கிற்று. நம் முற்றத்துத் தொட்டியில் பிறப்பதும் அதே ஜாதிக் கொசு.

பிரேஸில் தேசத்தார் இம்முறையைப் பின்பற்றி 1958-ல் ஈடிஸ் கொசுவே தங்கள் நாட்டில் இல்லை என்று சான்று பெற்றனர். பின் கண்காணிப்பு தளர்ந்தது. 1967-ல் கொசு மீண்டும் காணப்பட்டது. இன்று அந்நாட்டில் டெங்கு பெருவாரியாய் உள்ளது. ஆகவே இவ்வேலை ஒரு முறை செய்து முடிப்பதன்று. தெருக் கூட்டுவதைப் போல் நடந்துகொண்டே இருக்கவேண்டியது.

8. ஆள் அமர்த்தும் முறை

இனிச் சங்கத்தார் செய்யத்தக்கதைக் கூறுவோம். முதலில் சங்கத்தின் துணைவிதிகள் இக்காரியத்துக்கு இடங்கொடுக்கின்றனவா என்று சரகத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தறிய வேண்டும். இடமில்லையேல் அங்கத்தினர் தனிச் சந்தாவாகச் சேர்த்து, தனிக் கணக்கு வைத்து நடத்தலாம். பஞ்சாயத்தார்க்கும் சுகாதார ஆய்வாளர்க்கும் முன்னரே தெரிவிப்பது அவசியம். உள்ளாட்சியின் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வருவதுண்டு. சங்கத்தின் ஆள் அவர்களுக்குப் போட்டியாக அல்லாமல் துணையாக வேலை செய்ய வேண்டும்.

கணக்கு வருமாறு. ஒரு வீட்டைச் சரிவரப் பார்க்கப் பத்து நிமிஷம் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்தில் 30 வீடு ஆகும். வாரத்தில் ஆறு நாளில் 180 வீடு. அதாவது 180 வீடு உள்ள ஒரு பகுதிக்கு ஓர் ஆள் போதும். ஒவ்வொரு வீடும் வாரம் ஒரு முறை பார்க்கப்படும். வீட்டுக்கு மாதம் 80 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் 14,400 ரூபாய் சேரும். அதில் 12,000 ரூபாய் கூலிக்கும், எஞ்சிய 2,400 ரூபாய் வலைத்துணி, டார்ச் விளக்கு, கரண்டி, மருந்து முதலியவற்றுக்கும் வைக்கலாம். ஒவ்வொரு வீட்டாரும் கொசுவத்திக்கும் மின்சாரத் திரவத்துக்கும் மாதந்தோறும் தனியே செலவிடும் தொகையைத் தாமே கூட்டிப் பார்த்து இதனோடு ஒப்பிடுக. சந்தா செலுத்த இயலாத ஏழை வீட்டையும் பார்க்காமல் விடலாகாது. முன் சொன்னபடி, ஒரு வீட்டை விட்டால் மற்ற வீட்டாரின் சந்தாவும் வீணாகும்.

வேலை உள்ளூர்ப் பெண்ணுக்குக் கிடைப்பது நலம். பகலில் வீட்டிலிருப்போர் பெண்டிர். சமையற்கட்டுக்கும் கொல்லைக்கும் தயக்கமின்றி அழைத்துச் செல்வர். வெளியூர்க் கம்பெனியை அமர்த்துவதானால் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் பெறவேண்டும்.

ஒன்று: பூச்சிமருந்து தெளிக்கும் தொழிலுக்குரிய உரிமம். 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் இது தேவை.

இரண்டு: உபயோகிக்கும் மருந்தின் பெயரும் அளவும். முத்திரை உடையாத, பெயர்ச்சீட்டு உள்ள டப்பாவைச் சங்கத்தார் முன்னிலையில் திறக்க வேண்டும்.

மூன்று: எத்தனை முறை புகையடித்தான் என்பதைக் கொண்டன்றி, எத்தனை வீடு பார்த்தான், எத்தனை வீட்டில் புழு கண்டான், கண்டதை அகற்றினானா என்பதைக் கொண்டே கூலி.

நான்கு: பூட்டிய வீடுகளின் ஜாபிதாவை அன்றன்று மாலையில் காரியதரிசியிடம் கொடுத்தல்.

9. புத்தகமும் அளவுகோலும்

கொசு குறைந்ததா என்று ஒருவரையொருவர் கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். அதற்கு எண்ணளவு வேண்டும். பார்த்த வீடு நூற்றுக்குப் புழு உள்ள வீடு எத்தனை என்பதே எளிய அளவு. 180 வீடு பார்த்து 27 வீட்டில் புழு இருந்தால் நூற்றுக்கு 15 ஆகும். நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டால் நோய் பரவ இடமுண்டு என்று சுகாதார ஊழியர் கொள்வது வழக்கம். இத்தொகையை வாரந்தோறும் சங்க அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். எட்டு வாரத்தில் 27 வீடு 9 வீடாகக் குறைந்தால் நூற்றுக்கு 5 ஆயிற்று. வேலை நடக்கிறது என்று அறியலாம். குறையாவிடில் ஆளிடமோ, பூட்டிய வீடுகளிடமோ, மூடியில்லாத ஒரு பெருந்தொட்டியிடமோ குறை உள்ளது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சோதனைக்காக, நிர்வாகக் குழுவினர் இருவர் மாதம் ஒரு நாள் முன்னறிவிப்பின்றிப் பத்து வீடுகளைத் தாமே பார்த்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது நலம். சோதனை தலைவர் வீட்டிலிருந்து தொடங்கினால் மற்ற அங்கத்தினர் மனக்குறையின்றி ஏற்பர்.

10. மருந்தும் மீனும்

கொட்ட இயலாத, மூட இயலாத நீருக்கே மருந்து. புழங்கும் நீரில் டெமிபாஸ் என்னும் மருந்து வழக்கத்திலுள்ளது. நூற்றுக்கு ஒரு பங்கு வலிமையுள்ள மணல் வடிவ மருந்தானால் 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் அளவு. 200 லிட்டர் பீப்பாய்க்கு 20 கிராம். 500 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம். அளவுக்கு மிஞ்சிப் போடலாகாது. சுகாதார ஊழியரின் சொற்படியே போட வேண்டும். சாக்கடைக்கும் குட்டைக்கும், புழுவை மட்டும் கொல்லும் ஒருவகை நுண்ணுயிர் மருந்து உண்டு. இந்நுண்ணுயிர் 1976-ல் இஸ்ரேல் நாட்டுப் பாலைவனத்தில் கண்டறியப்பட்டது. புதுச்சேரியில் 1975-ல் ஏற்பட்ட நோய்ப்பரப்பி ஆராய்ச்சி நிலையத்தாரும் இவ்வகையில் ஆராய்ந்து ஒரு மருந்தை உருவாக்கினர். இது மீனுக்கும் மாட்டுக்கும் தீங்கு செய்வதில்லை.

உபயோகமில்லாத கிணற்றிலும் பெரிய சிமெண்டுத் தொட்டியிலும் புழு தின்னும் மீன்களை விடலாம். கம்பூசியா என்னும் மீன் 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பி மீனும் அவ்வாறே அயல்நாட்டது. இவற்றை மூடிய நீர்நிலையில் மட்டும் விடுக. கண்மாயிலும் மலையிலிருந்து இறங்கும் ஓடையிலும் விட்டால் நாட்டு மீன்களின் குஞ்சையும் முட்டையையும் தின்று கெடுக்கும்.

11. சட்டத்தின் துணை

சென்னை மாகாணத்தில் 1939-ம் வருஷத்தில் இயற்றப்பட்டு இன்றும் தமிழ்நாட்டில் வழங்கும் பொதுச்சுகாதாரச் சட்டத்தில் கொசு நிவாரணத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. கொசு பெருகத்தக்க நீரைத் தம் இடத்தில் வைத்திருப்பது அதன்படி குற்றம். சுகாதார அதிகாரி அறிவிப்புக் கொடுத்து அதை அகற்றச் சொல்லலாம்; ஊழியர் இடத்தினுள் வந்து பார்வையிடவும் அதிகாரம் உண்டு. இவ்வதிகாரம் சர்க்கார் ஊழியர்க்கு உரியதே. சங்கத்தின் ஆளுக்கு இல்லை. சங்கத்தின் ஆள் வீட்டார் அனுமதியுடனேயே உள்ளே செல்லவேண்டும். பூட்டிய வீட்டையும், பலமுறை சொல்லியும் கேளாத இடத்தையும் சங்கத்தார் சுகாதார ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்கலாம். அயலாரோடு சண்டையிடுவதினும் இது மேல்.

12. காய்ச்சல் கண்டால்

கொசு எவ்வளவு குறைந்தாலும் ஒரு காய்ச்சலேனும் வருவதுண்டு. கடுங்காய்ச்சல், தலைவலி, கண்ணின் பின்புற வலி, உடம்பு வலி கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதிக்கச் செய்க. கஞ்சி, இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் முதலியவற்றை நிறையக் கொடுக்கவும். ஆஸ்பிரின், இபுபுரூபன் முதலிய வலிமாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். டெங்குவில் காய்ச்சல் விடும் சமயமே அபாயமான சமயம். அப்போது ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, கைகால் சில்லிடுதல் இவற்றுள் ஒன்று காணினும் இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று மறுநாள் வரை காத்திருந்து உயிரிழந்தவர் பலர். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைத்தால், அவரைக் கடித்த கொசு அடுத்த வீட்டாருக்கு நோயைக் கொண்டு செல்லாது.

பாடத்தின் சாரம்

டெங்குக் கொசு நம் முற்றத்து நல்ல நீரில் பிறக்கிறது. ஏழு நாளைக்கொரு முறை நீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்து, மற்றதை மூடினால் அது பிறப்பதில்லை. புகை அவசரத்துக்கு மட்டும். ஒரு வீடும் விடாமல் தெரு முழுதும் செய்தால்தான் பலன். அதற்குக் கூட்டாக ஓர் ஆளை அமர்த்தி, புழு உள்ள வீட்டின் தொகையைக் கொண்டு அவ்வேலையை அளந்து கூலி கொடுப்பது சங்கத்தாரால் எளிதில் முடியும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிப்பதற்கு வினாக்கள்

1. நம் ஊரில் குழாய் நீர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது? வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் சேர்த்து வைக்கிறோம்? அவற்றுள் மூடியுள்ளவை எத்தனை?

2. ஏழு நாளைக்கொரு முறை என்ற அளவு ஏன் ஏற்பட்டது? பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்ப்பது எதற்காக?

3. நம் பகுதியில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை? அவற்றின் சாவி யாரிடம் உள்ளது?

4. 120 வீடு பார்த்ததில் 18 வீட்டில் புழு இருந்தால் நூற்றுக்கு எத்தனை?

5. கொசுவத்தி முதலியவற்றுக்கு நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் எவ்வளவு செலவிடுகின்றனர்? அத்தொகையைச் சேர்த்தால் எத்தனை ஆளை அமர்த்தலாம்?

அடை மழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்திலேயே இவ்வினாக்களைக் கூட்டத்தில் வைத்து, முதல் வாரத்துப் பார்வையை நடத்தி, வந்த தொகையைப் பலகையில் எழுதிப் போடுக.